முதியோர் பராமரிப்பு இல்லம்: சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

குளிக்க, சாப்பிட, கழிவறை போக இன்னொருவர் கை தேவைப்படும் அப்பா அம்மாவுக்காகத் தமிழ்நாட்டில் இல்லம் தேடுபவர்களுக்கு இது. கோவைப் பக்கம் நிறைய வந்துவிட்ட ஓய்வுக்கால வில்லாக்களும் அடுக்ககங்களும் வேறு விஷயம். அங்கே தோட்டத்தையும் கோயிலையும் பார்த்து முடிவு செய்யலாம். இங்கே பேசுவது, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களைப் பற்றி மட்டும். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை இப்படி ஓர் இடத்தில் வைத்திருந்தோம். அதற்காகச் சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கமும் ஏறி இறங்கிய இடங்களில் பார்த்ததும், தெரிந்த நர்ஸ்கள் சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள்.

முதல் தடவை போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். டைல்ஸ், டிவி ஹால், துளசி மாடம் எல்லாம் வரும். பார்த்துவிட்டு, ஏற்கெனவே அங்கே படுத்திருப்பவர்களைப் பாருங்கள். உங்கள் அம்மா ஆறு மாதம் கழித்து எப்படி இருப்பார் என்பதை அவர்கள்தான் காட்டுவார்கள்.

நகம் வெட்டியிருக்கிறதா, நகத்துக்குள் அழுக்கு இருக்கிறதா? தாத்தாக்களுக்கு ஷேவ் செய்து எத்தனை நாள் இருக்கும்? உதடு வெடித்து, நாக்கு வறண்டு கிடந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இல்லை துடைத்து வைத்த மாதிரி ஜன்னலோரம் இருக்கிறதா? கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடு இருக்கிறார்களா? பல்செட்டும் காது மெஷினும் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தால் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பாட்டிகள் எல்லோரும் ஒரே மாதிரி நைட்டியில், ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய முடியோடு இருந்தால், வேலை சுலபமாக வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் செய்தார்களா என்று நீங்கள் கேளுங்கள்.

வாசனையைப் பொறுத்தவரை, ஒரு அறையில் மூத்திர வாடை வந்தால் அப்போதுதான் யாருக்கோ டயபர் நனைந்திருக்கும். வராந்தா முழுக்க வந்தால் அது வழக்கமாகிவிட்ட வாடை. ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தாலும் எதற்காக இவ்வளவு என்று யோசிக்கலாம்.

அப்புறம், ஊழியர் யாராவது ஒரு பெரியவரிடம் பேசுவதைக் கேளுங்கள். அவரைப் பெயர் சொல்லியோ அப்பா, அம்மா என்றோ கூப்பிட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா? ஒன்றும் சொல்லாமல் போர்வையை உருவுகிறார்களா? உங்கள் முன்னாலேயே உருவினால், நீங்கள் இல்லாதபோது நடப்பதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் போவது நல்லது?

முதல் தடவை அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போங்கள். இரண்டாம் தடவை சொல்லாமல், மாலை ஆறரைக்கு மேல், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. பகல் ஆட்கள் கிளம்பி இரவு ஆட்கள் வரும் நேரம் அது. இரவுச் சாப்பாடும் அப்போதுதான். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று எழுந்து நடப்பார்கள். ஆள் குறைவான இடம் எது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களின் ஓய்வுக்காக வருகை நேரம் வைத்திருப்பது நியாயம்தான். ஆனால் சேர்க்கப்போகும் குடும்பத்தை மாலையில் வாசலோடு திருப்பி அனுப்பும் இடத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள் இருக்க வேண்டும்?

‘ஐந்து பேருக்கு ஒரு ஆள்’ என்று உடனே பதில் வரும். அந்தக் கணக்கில் சமையல்காரர், டிரைவர், ஆபீஸ் பெண் எல்லோரும் சேர்ந்திருப்பார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: “இன்றைக்கு ராத்திரி இந்த மாடியில் விழித்திருக்கப்போவது யார்? இந்த மாடியில் தாமாகப் புரள முடியாதவர்கள் எத்தனை பேர்?” இரண்டு எண்ணும் கையில் கிடைத்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். புரள முடியாதவர்கள் பன்னிரண்டு பேர், ஆள் ஒருவர் என்றால், அந்த ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது. ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்து டயபர் மாற்றவே பத்து நிமிடம் ஆகும், கனமான உடம்பாக இருந்தால் இரண்டு பேர் வேண்டும்.

வெள்ளை யூனிஃபார்ம் போட்ட எல்லோரும் நர்ஸ் இல்லை. ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு, ஏ.என்.எம். இரண்டு வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு. படித்த நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் குழுமத்தில் பதிவு எண் இருக்கும். அட்டெண்டர்கள் சில வாரப் பயிற்சியோடு வருபவர்கள், பலர் அதுவும் இல்லாமல். அதில் தவறில்லை, மென்மையாகப் பார்த்துக்கொள்பவர்களில் பலர் அவர்கள்தான். ஆனால் இன்சுலின் போடுவதும், குழாய் மாற்றுவதும், இந்த மூச்சுத்திணறலுக்கு ஆஸ்பத்திரி போகணுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் யார் என்று தெரிந்தாக வேண்டும். இரவில் நர்ஸ் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும் இடமே மேல்.

இன்னொன்று, ஒரிசா, ஜார்கண்ட், வடகிழக்கிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகள் இப்போது நிறைய. கைப்பக்குவம் நன்றாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும் என்றால், ‘வயிறு பொருமுது’ என்று அவர் சொல்வது புரியும் ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேண்டும். அட்டெண்டர்களிடம் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் போன மாதம் வந்தவர்களாக இருந்தால், சம்பளமோ நடத்தும் விதமோ சரியில்லை.

படுக்கைப் புண் வந்தால் கவனிப்பு சரியில்லை என்றுதான் அர்த்தமா?

எப்போதும் இல்லை. உடம்பு முழுவதும் தளர்ந்து கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பார்த்தாலும் வரலாம். ஆனால் பெரும்பாலான புண்கள் தடுக்கக்கூடியவை. அதனால்தான் ஒரு இல்லத்தின் தரத்தை ஒரே விஷயத்தை வைத்து அளக்கச் சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களில், ஒரே பக்கம் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் நின்று சதை சாகும். புண்ணை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது, சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காது. நம் தோல் நிறத்தில் சிவப்பு தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதா படர்ந்தோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுவே முதல் நிலை. அங்கேயே பிடித்துவிட்டால் ஆறிவிடும். நான்காம் நிலையில் தசையோ எலும்போகூடத் தெரியும்.

படுத்தே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது நீண்ட கால வழக்கம். தோலின் நிலையையும் மெத்தையையும் பார்த்து இந்த இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். ‘திருப்புறோம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கான சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவு 10, 12, 2 என்று ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இரவு முழுவதும் நிரப்பியிருந்தால், அதை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள்.

‘எங்களிடம் ஆல்ஃபா பெட் இருக்கு’ என்பதும் பதில் இல்லை. காற்று மெத்தை உதவும், ஆனால் திருப்பும் வேலையை அது செய்யாது. மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, மெத்தைமேல் கம்பளியும் ரப்பர் ஷீட்டும் மடித்து மடித்துப் போட்டு அதன் பலனையே கெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்கார வைப்பதும், சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் பழைய பழக்கங்கள். இரண்டுமே கெடுதல். இன்னும் அதைச் செய்கிறார்கள் என்றால் அங்கே யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

நேராகக் கேட்க ஒரு கேள்வி: “இப்போது இங்கே எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது? அதில் எத்தனை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, எத்தனை இங்கே வந்தது?” ஒருவருக்கும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்பவரைவிட, ‘மூணு பேருக்கு இருக்கு, ரெண்டு ஆஸ்பத்திரியிலேயே வந்தது, ஒண்ணு எங்களிடம்தான் வந்தது, இப்போ ஆறுது’ என்று சொல்பவரை நான் நம்புவேன்.

சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெனு அட்டையைப் பார்க்காதீர்கள், சாப்பிட்டு முடித்த தட்டைப் பாருங்கள். பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போகிறதென்றால் ருசி இல்லை, அல்லது ஊட்ட ஆள் இல்லை. விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்குப் பொறுமையாக ஊட்ட அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம்.

எடைதான் பொய் சொல்லாத சாட்சி. மாதம் ஒரு முறையாவது எடை எடுத்து எழுத வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். 50 கிலோ இருந்த பாட்டி ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்தால், ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விடக்கூடாது. நிற்க முடியாதவருக்கு மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதலாம்.

மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்களே, அது சரியா?

பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவருக்குத் தேவைப்படலாம். மறதி நோய் முற்றியவருக்கு விஷயம் வேறு. அவர்களுக்குக் குழாயைவிடக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. ஊட்ட ஆள் இல்லை என்பதற்காகக் குழாய் போடுவது சில இடங்களில் நடக்கிறது. யார் சொல்லிப் போட்டார்கள், எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். குழாய் வழியாகக் கொடுக்கும்போதும், முடிந்து அரை மணி நேரமாவதும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

சிறுநீர்க் குழாயும் அதே கதைதான். மூத்திரம் வந்து சேரும் பை, உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. போட்ட தேதி எழுதியிருக்க வேண்டும். டயபர் செலவு மிச்சம் என்று குழாய் போட்டால், வரப்போவது தொற்றும் காய்ச்சலும்.

அம்மா எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். இது சாதாரணமா?

மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்பு இல்லாத மாத்திரை ஏதாவது சேர்ந்திருக்கிறதா? மறதி நோயாளிகள் கத்துவதையும் அலைவதையும் அடக்க க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஓலான்சாபின், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கொடுக்கப்படுவதுண்டு. மறதி நோயுள்ள முதியவர்களில் இவை இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லும், பழைய வகை மருந்துகளையும் சேர்த்து 2008-லும் கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. ஒருபோதும் கொடுக்கவே கூடாது என்றில்லை. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலையில், டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், இத்தனை வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று கொடுப்பது ஒன்று. ராத்திரி ஆள் இல்லை என்று கொடுப்பது வேறு. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், எழுதிய டாக்டரிடம் பேசுங்கள்.

தூக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது. இன்சுலின் ஏழு மணிக்குப் போட்டுவிட்டு இட்லி எட்டரைக்கு வரும் இடங்களில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

விழுந்துவிடுவார் என்று கட்டிவைக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். கட்டிப்போட்டால் விழுவது குறைவதில்லை. அவிழ்க்கப் போராடி மோசமாக விழுகிறார்கள், தசை வற்றிப்போகிறது, புண் வருகிறது. தாழ்வான கட்டில், இரவு விளக்கு, வழுக்காத தரை, நேரத்துக்குக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, இவைதான் வழி. எழுந்து நடப்பவர்களில் பாதிப் பேர் பாத்ரூம் தேடித்தான் எழுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். இதிலிருந்தே இன்னொரு கேள்வியும் வருகிறது: நடக்கக்கூடிய உங்கள் அப்பாவை வந்த முதல் நாளே டயபரில் போட்டுவிட்டார்களா?

பதிவு, உரிமம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். முதியோர் இல்லங்கள் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் கீழ் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அடிக்கடி அறிவிப்பு வெளியிடுகிறார்கள். உள்ளேயே சிகிச்சையும் கொடுக்கும் இடமென்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997 வேறு இருக்கிறது. தீயணைப்புத் துறைச் சான்றையும் கேளுங்கள். படுக்கை நோயாளிகள் இரண்டாம் மாடியில், லிஃப்ட் ஒன்றுதான் என்றால் இந்தக் காகிதம் முக்கியம்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டது நினைவிருக்கலாம். அதுபோன்ற இடத்தைக் காகிதம் கேட்டாலே தவிர்த்துவிடலாம். மற்றபடி, பதிவு இருக்கிறது என்பதற்காகத் தரம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

கூகுளில் 4.8 ஸ்டார் போட்டிருக்கிறதே?

அமெரிக்காவில் 2008 டிசம்பரிலிருந்து அரசே ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஆய்வு முடிவு, ஊழியர் எண்ணிக்கை, தர அளவீடு பார்த்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. அங்கிருக்கும் பிள்ளைகள் இங்கேயும் அப்படி நினைத்துவிடுகிறார்கள். இங்கே கூகுள் நட்சத்திரம் யார் வேண்டுமானாலும் போடுவது. ஐந்து ஸ்டார்களை விட்டுவிட்டு, ஒரு ஸ்டார் விமர்சனத்துக்கு நிர்வாகம் எழுதிய பதிலைப் படியுங்கள். சண்டைக்கு வருகிறார்களா, விளக்குகிறார்களா?

சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

காட்டுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-லிருந்து இயங்குகிறது. முதியோர் மருத்துவர் ஒருவர் மாத்திரைகளைப் பார்த்தால் வேண்டாதது சில கழியும். சேரும் நாளில் எடை, தோலின் நிலை, நடக்கும் தூரம், மருந்துப் பட்டியல் நான்கையும் எழுதி, இல்லத்தாரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘வரும்போதே இப்படித்தான் இருந்தாங்க’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது?

மாதக் கட்டணத்துக்கு மேல் என்னென்ன வரும் என்பதை. டயபர், பிசியோ, டாக்டர் வருகை, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ், தனி அட்டெண்டர் எல்லாம் தனி பில்லாக வந்து கட்டணத்தைத் தூக்கிவிடும். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் கட்ட வேண்டுமா, இடையில் அழைத்துப் போனாலோ இறந்துபோனாலோ அட்வான்ஸில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, உணவும் தங்கலும் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு 2018-இல் வந்தது. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எப்படிக் கண்காணிப்பது?

வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும், அதுவும் தலைவாரிவிட்ட முகம். மாதாமாதம் எடை, மருந்துச் சீட்டு, சர்க்கரை, பி.பி. பதிவுகளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் ஒருவரை, சித்தியோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ, வாரம் ஒரு முறை வெவ்வேறு நேரத்தில் போகச் சொல்லுங்கள். யாராவது வந்து போய்க்கொண்டிருக்கும் பெரியவருக்குக் கவனிப்பு கூடுதலாகத்தான் கிடைக்கிறது. நியாயமில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

‘வீட்டுக்குக் கூட்டிப் போ’ என்று அழுகிறார். அங்கே ஏதோ சரியில்லையோ?

முதல் சில வாரங்கள் பெரும்பாலும் எல்லோரும் அழுவார்கள். அது பிரிவு. வேறு மாதிரி அறிகுறிகளைப் பாருங்கள்: ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவது, கையைத் தூக்கினால் ஒதுங்குவது, மேல்கையிலோ மணிக்கட்டிலோ விரல் பதிந்த கன்றல், ‘எதையும் கேட்காதே, நீ போனதும்...’ என்று பாதியில் நிறுத்துவது.

குறை சொன்னால் அம்மாவிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் வீண் இல்லை. அதனால் அட்டெண்டரிடம் கத்தாதீர்கள். இன்று இரவு அம்மாவைத் திருப்பிவிடப்போவது அவர்தான், அவருடைய பன்னிரண்டு மணி நேர டூட்டியை அவர் தீர்மானிக்கவில்லை. பொறுப்பு நர்ஸிடம், அப்புறம் நிர்வாகியிடம், தேதியோடு எழுத்தில் அல்லது வாட்ஸப்பில் சொல்லுங்கள். எது, எப்போது சரியாகும் என்று பதில் வாங்குங்கள். அடித்தது, பூட்டிவைத்தது, பணம் நகை போனது போன்றவற்றில் காத்திருக்க வேண்டாம். 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இலவசம். மாவட்ட சமூக நல அலுவலர், காவல் நிலையம் இரண்டுக்கும் போகலாம்.

எப்போது இடம் மாற்றுவது?

மாற்றுவதே ஒரு பாரம். மறதி நோய் உள்ளவர் புது இடத்தில் இன்னும் குழம்புவார். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, துணி மாறிப்போனது என்பதற்கெல்லாம் மாற்ற வேண்டியதில்லை. மறைத்த புண், காரணம் சொல்லாத விழுதல் இரண்டாம் முறை, கேட்காமல் கொடுத்த தூக்க மருந்து, திடீரென்று ‘இனிமேல் ரூமுக்குள் வரக்கூடாது’ என்பது, இவற்றில் ஒன்று நடந்தால் வேறு இடத்தை முதலில் பேசி முடித்துவிட்டு அதன் பிறகு இங்கே சொல்லுங்கள். கிளம்பும் நாளில் மருந்து சார்ட், எடைப் பதிவு, டாக்டர் குறிப்புகளின் நகல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, குதிகாலையும் முதுகையும் படம் எடுத்துவிட்டு வண்டி ஏற்றுங்கள். அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு என்பதை அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.